முப்பது பீலிக் கண்

தளவாய் எதற்கும் அசராத ஆள். திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்தவன், தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் ஓட்டலில் இருபது வருஷமாகப் பொரோட்டா மாஸ்டர். கல்லின் அனல், கூட்டத்தின் கூச்சல், முதலாளியின் வசவு எதுவும் அவனை ஒன்றும் செய்ததில்லை. ஆனால் ஒரே ஒரு வாக்கியத்தைக் கேட்டால் மட்டும் வீட்டுப் பரணில் இடம் இருக்கிறதா என்று பார்க்க ஓடுவான்.

"இது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல போலிருக்கே!"

அவன் மனைவி செண்பகவல்லி எதையாவது உற்றுப் பார்த்து, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, அப்படிச் சொல்லிவிட்டால் முடிந்தது. ஒரு வாரத்துக்குள் வீட்டில் புதிதாக ஒரு டப்பா வந்து உட்காரும். கரமனை ஆற்றோரத்து வரிசை வீடு. ஓர் அறை, ஓர் அடுக்களை, தலைக்கு மேலே ஒரு பரண். அதற்குள் தையல் மெஷின் ஒன்று. அது சோறு போடுவது. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் அவள் தைக்கும் ஜாக்கெட்தான். மற்றதெல்லாம் மனசுக்குப் போட்ட சோறு. கம்பியில் துணி சுற்றிய பூக்கள், கண்ணாடியில் ஓவியம், பானையில் ஓவியம், வயர் கூடை, பாசிமணி, களிமண், ஐஸ் குச்சி. பரணைத் திறந்தால் பாதி மயில், முக்கால் பிள்ளையார், கால் தாஜ்மகால் என்று எட்டிப் பார்க்கும்.

கை வராமல் விட்டவை இல்லை அவை. தொட்டதெல்லாம் வந்தது, அதுதான் தொல்லை. பாதி செய்யும்போதே மீதி எப்படி வரும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு கை எதற்கு வேலை செய்யவேண்டும்?

"எக்கா, ஒனக்க பத்து விரலும் பத்து ஊருக்குப் பஸ் ஏறும்" என்பாள் பக்கத்து வீட்டு ஜெயபாய். நாகர்கோவில் பக்கத்துக்காரி, ஏதோ ஒரு சர்க்கார் ஆபீசில் பெருக்கும் வேலை. "ஒரு விரலாவது ஊர் போய்ச் சேர்ந்துதா?"

"போற வழியெல்லாம் நல்லாத்தான இருக்கு" என்பாள் செண்பகவல்லி.

தளவாய் அதைக் கேட்டுச் சிரித்துக்கொள்வான். ஓட்டலில் கூட வேலை செய்யும் யூசுப்பிடம் பெருமையாகச் சொல்வான். "எங்க வீட்டுல உள்ளதுக்குப் பதிமூணு வித்தை தெரியும்டே!" யூசுப் கேட்பான்: "அதில் நிங்களைப் பயப்படுத்துகிற வித்தை எது ஆசானே?"

லீலாபாய் வந்தது தொண்ணூற்றேழாம் வருஷம் ஆடி மாசத்தில். மலையாளக் கணக்கில் கர்க்கடகம். பத்து நாளாக மழை விடவில்லை. வரிசை வீடுகளின் ஓட்டு விளிம்பில் தண்ணீர் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தது. சாலை பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் அம்மாள். ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்தாள், வாங்க வந்திருந்தாள்.

ஜாக்கெட்டின் கையைத் திருப்பிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இடது கையில், முழங்கைக்கு மேலே, விரல் நீளத்தில் ஒரு மயில்பீலி.

"இதை ஆர் வரைந்தது?"

செண்பகவல்லி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நான்தான் அம்மா. பெயிண்டு மிச்சம் கெடந்துது. வேண்டாம்னா வேற கை வெச்சுத் தாரேன்."

"வேண்டாம்னு நான் சொன்னேனா?" லீலாபாய் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பீலியை விரலால் தடவினாள். "செண்பகம், நான் ஒரு காரியம் சொல்லட்டே? இந்த ஓணத்துக்குக் கிழக்கேகோட்டை மைதானத்தில் மேளா உண்டு. நான் ஸ்டால் எடுத்திருக்கேன். கசவுக் கரை போட்ட செட்டு முப்பது தாரேன். முப்பதிலும் பீலி போட்டுத் தா."

செட்டு என்றால் செட்டு முண்டு. இடுப்பில் கட்டுவது முண்டு, மேலே தோளில் இடுவது நேரியது. இரண்டின் ஓரத்திலும் ஓடும் பொன்சரிகைதான் கசவு. திருவனந்தபுரத்துப் பெண்கள் ஓணத்துக்கு அதைத்தான் கட்டுவார்கள்.

"பீலி மட்டுமா?"

"பீலி மட்டும்."

"நடுவுல ஒரு தாமரை, ஒரு கிளி..."

"தாமரையும் வேண்டாம், கிளியும் வேண்டாம்!" லீலாபாய் பரணை அண்ணாந்து பார்த்தாள். கால் தாஜ்மகால் அவளைப் பார்த்தது. "நீ கோபப்படக் கூடாது, கேட்டோ. உன் கையில் தெய்வம் இருக்கு. பக்ஷே அந்தத் தெய்வத்துக்கு ஒரு கோயில் இல்ல, பதிமூணு இடத்தில் நின்னு கும்பிடு வாங்குது. ஒரு சாமானத்தைக் கண்டால் ஜனங்களுக்கு உன் பேரு ஓர்மை வரணும், அல்லே? ஸ்டாலில் நான் போர்டு எழுதி வைப்பேன். செண்பகவல்லியின் பீலி. அது நல்லா போச்சுன்னா, என் கடை மாடியில் ஓர் அறை உனக்கு. தையல் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வரை. சம்மதமா?"

கதவருகே நின்று சட்டை மாட்டிக்கொண்டிருந்த தளவாய்க்குப் பொத்தான் துளை கைக்கு அகப்படவில்லை. மனைவி முகத்தைப் பார்த்தான். வழக்கமாக வேலை என்று வந்தால் வெடுக்கென்று பதில் சொல்கிறவள். இப்போது உதட்டை மட்டும் அசைத்துப் பார்த்தாள், அந்தப் பெயரை. யாரோ ஒருத்தியின் பெயரைப் படிக்கிறவள்போல.

"சம்மதம்" என்றாள்.

லீலாபாய் போனதும் முதல் காரியமாக ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "ஏறுங்க."

"எதுக்குட்டி?"

"எல்லாத்தையும் பரணுக்குத் தள்ளுங்க. ஓணம் முடியுத வரைக்கும் ஒரு டப்பா கண்ணுல படக்கூடாது. பாத்தா கை அரிக்கும்."

பரணுக்குக் குறுக்கே பழைய போர்வை ஒன்றைத் தொங்கவிட்டு, கயிறு கட்டி, மூன்று முடிச்சுப் போட்டான் தளவாய். நாலாவது முடிச்சை அவளே போட்டாள்.

*

மூன்று மணிக்குத்தான் தளவாய்க்கு ஓட்டல் வேலை. அதுவரை வீட்டில் இருப்பான். மழைக்காலத்தில் அவன் கண்ட நாடகம் இதுதான்: காலையில் கட்டன் சாயா குடித்துவிட்டு, மரப்பலகையின் மேல் நேரியதை இழுத்துக் குண்டூசி குத்தி, அவள் குனிவாள். முதலில் நடுத்தண்டு. மூச்சை இழுத்துப் பிடித்து ஒரே கோடு. பிறகு இருபக்கமும் தலைமயிர் போல இழைகள். பச்சை, அதற்குள் பொன், அதற்குள் செம்பு. கடைசியாகக் கண். நடுவில் கருநீலத்தில் ஒரு முட்டை வடிவம், பெருவிரல் நகம் அளவு.

முதல் பீலி வந்தபோது ஜெயபாய் ஓடி வந்து கன்னத்தில் கைவைத்தாள். மூன்றாவது பீலிக்கு அவள் வரவில்லை. ஐந்தாவதற்குச் செண்பகவல்லியே கொட்டாவி விட்டாள்.

ஏழாவது பீலியன்று வீட்டுக்குள் இடி விழுந்தது. தளவாய் மரச்சீனிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தான். பிரஷ் பறந்து வந்து அவன் காலடியில் விழுந்தது.

"என்னால முடியாது!"

"என்னாச்சுட்டி?"

"என்ன ஆகணும்? ஒண்ணும் ஆகல. அதான். நேத்து என்ன வரைஞ்சேனோ அதான் இன்னைக்கும். நாளைக்கும் அதான். அந்தம்மா கையில தெய்வம் இருக்குன்னா. இது தெய்வம் பண்ணுத வேலையா? ரப்பர் ஸ்டாம்பு பண்ணுத வேலை." கண்ணில் தண்ணீர் முட்டியது. "ஒரு கேள்வி கேக்கேன், உள்ளதச் சொல்லணும். இருவது வருசமா ஒரே பொரோட்டாவ அடிக்கிய. ஒரு நாளுக்கு ஐந்நூறு. உங்களுக்குச் சலிக்கவே சலிக்கலியா?"

தளவாய் கிழங்கைத் தண்ணீரில் போட்டான். இந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை. அவனும் கேட்டுக்கொண்டதில்லை.

"மொத ரெண்டு வருசம் சலிச்சுது. ஓடிப்போயிரலாம்னு பாத்தேன். வள்ளியூர் வரைக்கும் பஸ் ஏறிப் போயிட்டு, ஒரு சாயா குடிச்சிட்டுத் திரும்பி வந்தேன்."

"இத எங்கிட்டச் சொன்னதே இல்லையே!"

"நீ கேட்டியா? நீ தாஜ்மகாலு கெட்டிக்கிட்டு இருந்த."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சினாள். "பொறவு?"

"பொறவு என்ன... ஒரு நாளு மாவ வீசினேன். வீசும்போது, இது எங்க கிழியப்போவுதுன்னு கைக்கு முன்னாடியே தெரிஞ்சுது. கண்ணு பாக்கல, கை பாத்துது. அன்னைக்கிலேருந்து ஒரு மாவு மாதிரி இன்னொரு மாவு இல்ல செண்பகம். மழைக்கு ஒரு குணம், வெயிலுக்கு ஒரு குணம். ஐந்நூறும் ஒண்ணுன்னு திங்கவன் நெனைக்கான். எனக்கு ஐந்நூறும் ஐந்நூறுதான்." சொல்லிவிட்டுக் கூச்சப்பட்டு, "ஆனா ஒன் கை வேற, எங் கை வேற. எனக்கு ஒண்ணுதான் தெரியும். அதனால அதுலயே தோண்டுதேன். நீ அப்படியா? ஒனக்கு முடியலன்னா அந்தம்மாட்ட நான் போய்ச் சொல்லுதேன். ஒண்ணும் கொறஞ்சு போயிராது."

செண்பகவல்லி அவன் காலடியில் கிடந்த பிரஷ்ஷைக் குனிந்து எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

"கிழங்கு வேவுதா பாருங்க" என்றாள்.

பதினைந்தாவது பீலியைப் பார்த்தபோது தளவாய்க்கே வித்தியாசம் தெரிந்தது. நடுத்தண்டுக்கு அவள் மூச்சைப் பிடிக்கவில்லை. பேசிக்கொண்டே இழுத்தாள். இருபதாவதில் இழைகள் காற்றில் அசைகிற மாதிரி ஒருபக்கமாகச் சாய்ந்தன. இருபத்தைந்தாவதில் துணியைத் தொட்டுப் பார்த்தான்; பீலி துணியின் மேல் இருக்கிறதா, துணிக்குள்ளிருந்து முளைத்ததா என்று சந்தேகம் வந்துவிட்டது.

"என்னட்டி இது!"

"கை பாக்க ஆரம்பிச்சிட்டு" என்றாள், தலை நிமிராமல்.

முப்பதும் முடிந்தது. நேரியதுகள் முப்பதும் மடிந்து பெட்டிக்குள் போயின. மிச்சம் இருந்தவை முண்டுகள்.

அதற்கப்புறம் செண்பகவல்லி பாட ஆரம்பித்தாள்! அடுக்களையில் குழம்பு கொதிக்கிறது, அவள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே முண்டுகளில் வரைகிறாள். யாரையும் பார்க்க விடவில்லை. ஜெயபாய் எட்டிப் பார்த்தபோது பலகையின் மேல் பாயைப் போட்டு மூடினாள். "முடியட்டும் ஜெயா, ஒண்ணா காட்டுதேன்." இருபது நாள் பறந்து போயிற்று.

அத்தத்துக்கு முந்திய நாள் காலை. ஓணத்துக்குப் பத்து நாள் முன்னால் வருவது அத்தம். அன்றைக்கு வருவதாக லீலாபாய் சொல்லியிருந்தாள். செண்பகவல்லி கதவைச் சாத்திவிட்டு முப்பது முண்டுகளையும் அறை முழுக்க விரித்துப் புருஷனைக் கூப்பிட்டாள்.

தளவாய் வாயைப் பிளந்தான்.

முண்டின் முன்மூலையில், கால் பக்கம், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சித்திரம். ஒன்றில் பாம்புபோல் நீண்ட வள்ளம். ஒன்றில் யானையின் நெற்றிப்பட்டம். ஒன்றில் குத்துவிளக்கு, ஒன்றில் சங்கு, தென்னம்பாளை, கொக்கு, ஊஞ்சல், கதகளி முகம், தும்பைப் பூ. அடைமழையில் குடையோடு போகும் ஒரு பெண்கூட இருந்தாள். முப்பதும் முப்பது விதம். ஒன்று மட்டும்தான் அவனுக்குப் பிடிபடவில்லை. பழுப்பும் பொன்னுமாக, வட்டத்துக்குள் வட்டமாக ஒரு சுருள்.

"இது என்னது, ஆத்துச் சுழியா?"

"அது ஒண்ணு" என்றாள். முகம் சிவந்திருந்தது. "மேல முப்பதும் ஒண்ணு. அந்தம்மா சொன்னது. கீழ முப்பதும் வேற. நான் சொன்னது. எப்படி?"

"அட்டகாசம்!" என்றான் தளவாய். "நம்மூருல பாவாட ஒரு நெறம், தாவணி ஒரு நெறம் இருந்தாத்தான எடுப்பு!"

"அதேதான் நானும் நெனச்சேன்!" என்றாள் செண்பகவல்லி.

*

மறுநாள் காலை, முதல் முண்டையும் முதல் நேரியதையும் சேர்த்து விரித்த மாத்திரத்தில் லீலாபாயின் கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியது. இரண்டாவதை விரித்தாள். மூன்றாவதை விரித்தாள். பத்தாவதோடு நிறுத்திக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"செண்பகம், இது எந்து பணியா காட்டியிருக்கே?"

"ஏன்மா? நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு! ஒவ்வொண்ணும் நல்லா இருக்கு! அதுதானே எனக்கு அழுகை வருது." லீலாபாய் நேரியதை ஒரு கையிலும் முண்டை ஒரு கையிலும் தூக்கிப் பிடித்தாள். "மேலே பீலி, கீழே வள்ளம். இது செட்டா? செட்டுன்னா என்ன? மேலே உள்ளதுதான் கீழே. ஒரு சாமானத்தின் ரெண்டு பாதி. இதைக் கட்டிக்கிட்டு ஒருத்தி வெளியே இறங்கினால், முண்டு ஒருத்தர்கிட்ட இரவல், நேரியது வேறொருத்தர்கிட்ட இரவல்னு ஊர் சொல்லும்!"

செண்பகவல்லியின் முகம் வெளுத்தது. "கசவுக் கரை ரெண்டுலயும் ஒண்ணுபோலத்தான் கெடந்துது. அதுக்கு மேல வரையதுக்கும் அந்தச் சட்டம் உண்டுன்னு எனக்குத் தெரியாதும்மா. எங்கூருல பாவாட தாவணி..."

"இது தாவணி இல்ல மோளே!"

லீலாபாய் கெட்டவள் இல்லை. எழுந்து வந்து செண்பகவல்லியின் தோளில் கைவைத்தாள். "வேற முண்டு தரலாம்னா, ஓணச் சமயத்தில் நெசவுக்காரன் கையில் ஒரு நூல் கிடையாது. இன்னும் மூணு நாள் இருக்கு. நாலாம் நாள் காலையில் மேளா திறக்கும். நான் வேறே ஏதாவது எடுத்துத் தொங்கவிட்டுக்கிடுவேன். போர்டுதான் எழுதக் கொடுத்திட்டேன். போகட்டும், வேண்டாம்னு சொல்லிக்கிடலாம்."

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

விஷயம் தெரிந்து ஜெயபாய் ஓடி வந்தாள். முண்டுகளைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டாள். "எக்கா, எங்கிட்ட ஒரு வாக்கு கேட்டிருக்கப்பிடாதா? பாயப் போட்டு மூடினியே!" பிறகு தளவாய் பக்கம் திரும்பினாள். "நீரு இருவது வருசம் தம்பானூருல நின்னீரே, எத்தற பொம்பள செட்டு கெட்டிக்கிட்டு முன்னால போயிருப்பா! ஒருத்திக்க கரையையாவது நீரு பாத்தது இல்லையா?"

"நான் கல்லத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றான் தளவாய் பரிதாபமாக.

"நல்ல மனுசன்! இப்படிப்பட்ட புருசன் கெடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும். ஆனா இந்த ஒரு காரியத்துக்குக் கொஞ்சம் கெட்ட மனுசனா இருந்திருக்கலாம்."

மற்ற நாளாக இருந்தால் செண்பகவல்லி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்றைக்குச் சுவரோடு சாய்ந்து கிடந்தாள். ஜெயபாய் போன பிறகு மெதுவாகப் பேசினாள்.

"எம் புத்திதான். ஒண்ணுலயே நில்லுன்னா அந்தம்மா. முப்பது நேரியதுல நின்னேன். அதுக்கு மேல நிக்க முடியல. வாய்ப்பு ஒண்ணு வந்துது பாருங்க, உள்ள கெடந்த பதிமூணும் வெளிய குதிச்சிட்டு. இனி ஊரு சொல்லும், அவளுக்கு எல்லாம் தெரியும், ஒண்ணும் தெரியாதுன்னு."

"நானும்லா அட்டகாசம்னு சொன்னேன். எம்மேலயும் தப்பு உண்டு."

"நீங்க நான் எத வரைஞ்சாலும் அட்டகாசம்னுதான் சொல்லுவிய."

"நீ எத வரைஞ்சாலும் அட்டகாசமாத்தான இருக்கு? நான் என்ன பண்ணட்டும்?"

தளவாய் தயங்கித் தயங்கி ஒரு வழி சொன்னான். "முண்டுலயும் அந்தப் படத்துக்குப் பக்கத்துல ஒரு பீலி போட்டுட்டா?"

"சந்தையாயிரும்." அவள் ஒரு நேரியதை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். விரல் பீலியின் தண்டு வழியாக ஏறி, இழைகளைக் கடந்து, கண்ணில் போய் நின்றது. அந்தக் கருநீலத்தில். நகத்தளவு இடத்தில்.

விரல் அங்கேயே நின்றது.

தலை மெல்ல ஒருபக்கமாகச் சாய்ந்தது. தளவாய் பரணைப் பார்த்தான். அந்தச் சாய்வு அவனுக்குத் தெரியும். அடுத்து வரப்போகும் வாக்கியமும் தெரியும்.

"இந்தக் கண்ணுக்குள்ள எடம் கெடக்கு" என்றாள். "வள்ளம் போட்ட முண்டுக்கு, பீலியோட கண்ணுக்குள்ள ஒரு வள்ளம். வெளக்குக்கு ஒரு வெளக்கு. நகத்துக்குள்ள அடங்குத மாதிரி, பொன்னுல. அப்போ மேல உள்ளது கீழயும் இருக்கும்."

"நகத்துக்குள்ள வள்ளமா? அதுல துடுப்புப் போடுத ஆளு?"

"ஆளும் வேணும்." நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கண்ணில் பயம் இருந்தது. "இது பெரிய வித்தைதாங்க."

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை. தளவாய் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினான். பரணின் நாலு முடிச்சையும் அவிழ்த்தான்.

"எது வேணும்?"

"கண்ணாடிப் பெயிண்டு டப்பாவுக்குள்ள ஊசிமூக்கு வெச்ச ஒரு கூம்பு கெடக்கும். அது. பாசிமணி கோக்குத ஊசி. மத்த டப்பா ஒண்ணும் தெறக்காதிய."

*

மூன்று நாள். முப்பது கண்.

தளவாய் ஓட்டலுக்குப் போய் யூசுப்பின் கையைப் பிடித்தான். "மூணு நாளு என் கல்ல நீ பாரு. பெருநாளுக்கு ஒன் கல்ல நான் பாக்கேன்." யூசுப் ஏற இறங்கப் பார்த்தான். "ஆசானுக்கு லீவா? ஆருக்கு என்ன ஆச்சு?" "யாருக்கும் ஒண்ணுமில்ல. வீட்டுல பெயிண்டு காயல." "பெயிண்டு காய ஆசான் என்ன செய்யும், ஊதுமோ?"

ஊதுவதற்கல்ல, தேய்ப்பதற்கு. மழை ஈரத்தில் வண்ணம் காயவில்லை. துணியைக் கவிழ்த்துப் பின்பக்கம் சூடு காட்டினால்தான் பிடிக்கும். சூடு ஒரு புள்ளி கூடினால் கசவு கறுக்கும், குறைந்தால் பொன் துணியில் பிடிக்காது. தெருமுனையில் தேய்ப்புக் கடை வைத்திருந்த திரவியத்திடம் கரிப்பெட்டியை இரவல் வாங்கினான். சிரட்டைக் கரி போட்டு விசிறினான். பெட்டியின் அடியில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தான். சொட்டுகள் முத்துப்போல் உருண்டு ஓடின. பொரோட்டாக் கல்லுக்கு அது நல்ல பதம், துணிக்கு ஆகாது. காத்திருந்தான். மறுபடி தெளித்தான். சொட்டு ஓடாமல், நின்ற இடத்தில் சுருங்கி மறைந்தது.

"இப்போ கொண்டா."

அவள் கண்ணுக்குள் வரைவாள், அவன் சூடு காட்டுவான். முதல் கண்ணுக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. வள்ளம் வந்தது, துடுப்புக்காரர்கள் வந்தார்கள், பாசிமணி ஊசியின் நுனியால் வைத்த ஆறு புள்ளிகள். தளவாய் மூக்கு துணியில் படும்படி குனிந்து பார்த்தான். ஆறு புள்ளியும் துடுப்புப் போட்டன! தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் பீலி. பொன்னொளி மட்டும் கண்ணில் மினுங்கும். பக்கத்தில் வந்தால்தான் வள்ளம்.

இரண்டாவது கண்ணுக்கு ஒன்றரை மணி. பத்தாவது அரைமணியில் முடிந்தது. ஜெயபாய் ஆபீசிலிருந்து வரும்போதே புட்டும் பயறும் கொண்டுவந்து இருவர் வாயிலும் திணித்தாள். "எக்கா, அந்தக் கொடக்காரியப் பாத்தேன். நகத்துக்குள்ள நிக்கா. கொடைக்க கம்பி எண்ணலாம். ஒனக்குப் பேயி கீயி பிடிச்சிருக்கா?"

"பேசாத ஜெயா, கதகளிக்குப் புருவம் வைக்கேன்."

முப்பது பீலி போட்ட கை நடுங்கவே இல்லை. அந்தக் கை ஒன்றையே செய்து செய்து நிலைத்த கை. உள்ளே போய் உட்கார்ந்த படங்களோ, ஊர் சுற்றி ஊர் சுற்றிப் பொறுக்கியவை. இரண்டும் ஒரே நகத்துக்குள் கூடுவதைத் தளவாய் கரிப்பெட்டியும் கையுமாகப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அப்படிப் பார்த்ததுதான் வினையாயிற்று. மூன்றாம் நாள் உச்சிப்பொழுது, கடைசி நேரியது. அந்தச் சுருள். பெட்டியை வைத்தவன் கூம்பைக் கழுவிக்கொண்டிருந்த அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டான். வாசம் முதலில் வந்தது. பதறித் தூக்கினான். பீலிக்கு ஒன்றுமில்லை, ஓரத்துக் கசவில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குப் பழுப்புத் தழும்பு.

இருபது வருஷத்தில் ஒரு பொரோட்டாவைக் கருக்காதவன். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "செண்பகம்... கடைசியில நானே கெடுத்துட்டேனே!"

அவள் துணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். எது கருகியது என்று பார்த்தாள். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

"ஏட்டி, என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. இது கடைக்கு வேண்டாம். இது நான் கெட்டிக்கிடுதேன்."

*

மேளா மைதானத்தில் சேறு. பலகை போட்டு நடக்க விட்டிருந்தார்கள். லீலாபாயின் ஸ்டாலில் இருபத்தொன்பது செட்டுகள் தொங்கின. அந்த அம்மாள் நேற்று மாலை அவற்றை வாங்கியபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்டினாள். கடைசியில் செண்பகவல்லியின் விரல்களைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பதினொரு மணிக்குள் ஸ்டாலுக்கு முன்னால் நெரிசல். பெண்கள் பீலியைப் பார்த்துவிட்டு நடந்து போவார்கள், ஒருத்தி குனிந்து கண்ணைப் பார்ப்பாள், "அய்யோ, இங்ஙோட்டு வா!" என்று கத்துவாள். போனவர்கள் திரும்பி ஓடி வருவார்கள். நேரியதின் கண்ணில் என்ன இருக்கிறது என்று பார்த்து, அது முண்டில் எங்கே இருக்கிறது என்று தேடுவது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. குடைக்காரிக்கு இரண்டு பேர் சண்டை போட்டார்கள். போர்டின் கீழே நின்று ஒருத்தி எழுத்துக்கூட்டி வாசித்தாள், "செண்பகவல்லியுடெ பீலி." இன்னொருத்தி கேட்டாள், "ஆரா இந்தச் செண்பகவல்லி?"

தளவாய் பின்னால் நின்றுகொண்டிருந்தான். 'எம் பொண்டாட்டி' என்று கத்தத் தொண்டை வரை வந்தது. முழுங்கினான்.

லீலாபாய் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "செண்பகம், மாடி அறையை நாளைக்கே ஒழிச்சுத் தாரேன். சித்திரை விஷுவுக்கு நூறு செட்டு. பீலிதான், வேறே ஒண்ணுக்கும் போகக் கூடாது, கேட்டோ!"

"பீலிதான் அம்மா. நூறும் பீலிதான்" என்றாள் செண்பகவல்லி. "ஆனா கண்ணு எனக்கு. அதுக்குள்ள என்ன வைக்கணும்னு நீங்க கேக்கப்பிடாது."

லீலாபாய் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "கண்ணு உனக்கு" என்றாள்.

அப்போது நீலச் சேலைக்காரி ஒருத்தி செண்பகவல்லியின் தோளைத் தொட்டாள். "சேச்சி கட்டியிருக்கிற செட்டு இருக்கா? இந்தச் சுருள் எனக்கு வேணும்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் செட்டு முண்டு கட்டியிருந்தாள், ஜெயபாய்தான் கட்டிவிட்டாள். கருகிய ஓரம் மடிப்புக்குள் மறைந்திருந்தது.

"இது விக்கதுக்கில்லம்மா."

நீலச் சேலைக்காரி போன பிறகு தளவாய் பக்கத்தில் வந்தான். நெருங்கிக் குனிந்து தோளிலிருந்த பீலியின் கண்ணைப் பார்த்தான். வட்டத்துக்குள் வட்டம். பழுப்பு, பொன், பழுப்பு. உள்ளே போகப் போகச் சிறுத்து, நடுவில் ஒரு முனை.

"இப்பமாவது சொல்லு. என்னதுட்டி இது?"

"இருவது வருசமா கையில வெச்சிருக்கிய, தெரியலியா?" அவள் திரும்பவில்லை. காதோரம் மட்டும் சிவந்தது. "மாவ வீசி, சுருட்டி, தட்டுததுக்கு முன்னால கல்லு பக்கத்துல வைப்பியளே. நான் ஒருநாளு உங்களுக்குக் கொட கொண்டாந்தப்போ பாத்தேன். எல்லாத்தையும் வரைஞ்சேன், அது இல்லாம எப்படி? அதையும் நீங்களே கருக்கிட்டிய!"

தளவாய் கருகிய ஓரத்தை மடிப்புக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டான். அட்டகாசம் என்று சொல்ல மறந்துவிட்டான்.

அன்றைக்கு மூன்று மணிக்கு ஓட்டலுக்குப் போனான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். கல்லுக்குத் தண்ணீர் தெளித்தான். முத்து உருண்டு ஓடியது. முதல் உருண்டையை எடுத்து வீசி, நீட்டி, சுருட்டி வைத்தான். உள்ளங்கையால் தட்ட வேண்டும். தட்டவில்லை. குனிந்து பார்த்தான்.

"எந்தா ஆசானே," யூசுப் கத்தினான், "பொரோட்டாவுக்கு ஜாதகம் பாக்குதா? பன்னிரண்டு டேபிள் வெயிட்டிங்!"

"இருடே" என்றான் தளவாய். "இதுக்குக் கண்ணு இருக்கு."